திரும்பி வரக் காரணம்

இந்த பைலைக் கொஞ்சம் உள்பக்கமா வச்சுக்கிடுங்க தம்பி. காபிக்காரன் இடிச்சுக்கிட்டேதான் போவான். ஒரு சொட்டு விழுந்தாலும் பெறகு எல்லாத்தையும் திரும்ப பிரிண்ட் எடுக்கணும். இல்ல இல்ல, நான் பிரிச்சுப் பாக்கலை. கவருக்குள்ள தெரியுதுல்லா, அந்த பார்கோடு போட்ட விசா தாளு. அதைப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிரும். நாலு தடவை அதை மடியில வச்சுக்கிட்டு இதே ரயில்ல போயிருக்கேன்.

மாமியாருக்கா? மூணாவது தடவையா. ம்.

அவுக நேத்தே மெட்ராசுக்குப் போயிட்டாவளா? நல்லது. கூட இருந்தா, போற வழியெல்லாம் இதைக் கேட்டா அதைச் சொல்லுங்க, அதைக் கேட்டா இதைச் சொல்லுங்கன்னு நீங்க சொல்லிக்கிட்டே போவிய. நான் அப்படித்தான் செஞ்சேன். விருதுநகர் வாரதுக்குள்ள எனக்குத் தொண்டை கட்டிட்டு.

யாருக்கா? என் தங்கச்சிக்கு. கூடப் பொறந்தவ. உலகம்மான்னு பேரு, அம்பத்தி மூணு வயசு. எங்களுக்குத் தென்காசி. நான் குற்றாலிங்கம், பத்திர ஆபீஸ்ல ஹெட்கிளார்க்கா இருந்து ரிட்டையர் ஆனவன். அதைச் சொல்லணும், ஏன்னா நான் எழுதின விசா பாரத்துல ஒரு தப்புக் கிடையாது தம்பி. முப்பத்தி நாலு வருஷம் அடுத்தவன் எழுதின பத்திரத்துல தப்புக் கண்டுபிடிச்ச ஆளு நான். என் பாரத்தையே நாலு நாட்டுக்காரன் வேண்டாம்னு சொன்னா எப்படி இருக்கும்? ஒரே நாட்டுக்காரன்தான். கோவத்துல சொல்லுதேன்.

என் மக சுபாஷினி அமெரிக்காவுல இருக்கா. மூணு வருஷத்துக்கு முந்தி அவளுக்கு முதப் பிரசவம். யாராவது போய் ஆறு மாசம் இருக்கணும்லா. என் வீட்டுக்காரி சௌந்தரத்துக்கு மூட்டு வலி, குனிஞ்சா நிமிர முடியாது. உலகம்மா நல்ல தெம்பான ஆளு. எங்க அம்மா பதினோரு வருஷம் படுக்கையில கெடந்தாவ, பூராவும் அவதான் பாத்தா. தூக்கி உக்கார வைக்கது, துடைச்சு விடுதது, எல்லாம். அப்படிப்பட்டவளுக்கு ஒரு பச்சைப் பிள்ளையைப் பாக்கது எம்மாத்திரம்?

அவகிட்ட கேட்டியளான்னு கேக்கிய. எல்லாரும் இதைத்தான் கேக்காவ. கேக்கதுக்கு என்ன தம்பி இருக்கு? நம்ம வீட்டுக் காரியம். "ஏட்டி, சுபாவுக்கு ஒத்தாசைக்கு நீதான் போகணும்"னேன். தோசைக்கல்லுல இருந்து திரும்பிப் பாத்தா. "சரிண்ணே"ன்னா. அம்புட்டுதான்.

பாரத்துல தொழில்னு ஒரு கட்டம் வரும், உங்களுக்குத் தெரியும். இல்லத்தரசின்னு போட்டேன். கல்யாணம் ஆகாதவ எப்படி மாமா இல்லத்தரசின்னு மாப்பிள்ளை போன்ல சிரிக்காரு. வேற என்ன போட? வேலை இல்லாதவள்னு போட முடியுமா? காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சா அடுப்பைத் துடைச்சு வைக்க வரைக்கும் அவளுக்கு வேலைதான்.

மெட்ராசுல தூதரகத்துக்குள்ள கூடப் போனவங்களை விட மாட்டாவ. எதுத்தாப்புல பிளாட்பாரத்துல நின்னேன். ரெண்டு மணி நேரம் கழிச்சு வெளிய வாரா, கையில பாஸ்போர்ட்டு. அப்ப எனக்கு விவரம் தெரியாது. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கையில கொடுத்துட்டா இல்லைன்னு அர்த்தம். வாங்கி வச்சுக்கிட்டாத்தான் உண்டுன்னு அர்த்தம். நான் பாஸ்போர்ட்டைப் பாத்ததும் கெடச்சிட்டுன்னு சந்தோசப்பட்டேன். பக்கத்துல நின்னவருதான், "ஐயா, கெடைக்கலை"ன்னு மெதுவாச் சொன்னாரு.

"என்னட்டி கேட்டாவ?"

"எதுக்குப் போறியன்னு கேட்டாங்க. அண்ணன் மகளுக்குப் பிரசவம்னேன். கல்யாணம் ஆயிட்டான்னாங்க. இல்லைன்னேன். வேலை? இல்லை. சொத்து? இல்லை. எப்பத் திரும்பி வருவியன்னாங்க. அண்ணனுக்குத்தான் தெரியும்னேன்."

பாத்தியளா! பிரசவம்னு சொல்லலாமா? டூரிஸ்ட் விசால்லா அது. ஒரு தாள் கொடுத்திருந்தான். சொந்த நாட்டுக்குத் திரும்பி வாரதுக்கு வலுவான காரணம் இருக்கதா இவுக நிரூபிக்கலையாம். எனக்கு ரத்தம் கொதிச்சிட்டு. காரணம் எப்படி இல்லாமப் போகும்? நான் இருக்கேன். மதினி இருக்கா. அவ சமையல்கட்டு இருக்கு. ஸ்டோர் ரூம்ல அவளுக்குன்னு தனியாக் கட்டில் போட்டுக் கொடுத்திருக்கேன், ஃபேன் கூட மாட்டியிருக்கு. ஒரு மனுசிக்குத் திரும்பி வர வேற என்ன வேணும்?

ரெண்டாவது தடவை நான் விடலை. சுபா ஊருக்குப் பக்கத்துல பாக்க வேண்டிய இடம் பன்னெண்டு எடுத்து, தாள்ல வரிசையா எழுதி, மனப்பாடம் பண்ணச் சொன்னேன். காய் நறுக்கும்போது ஒப்பிச்சா. துணி காயப்போடும்போது ஒப்பிச்சா. சுத்திப் பாக்கப் போறேன், சுத்திப் பாக்கப் போறேன்னு நூறு தடவை சொல்ல வச்சேன். பிரசவம்னு வாயைத் திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன். உள்ள போனா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவன், "இதுல எதைப் பாக்க உங்களுக்கு ரொம்ப ஆசை?"ன்னு கேட்டிருக்கான். இவ முழிச்சிருக்கா. பெறகு, "அண்ணன் எழுதித் தந்தது எல்லாம்"னு சொல்லியிருக்கா.

பாஸ்போர்ட்டு கையில வந்துட்டு.

எழும்பூர்ல சாப்பிட உக்காந்தோம், எனக்கு எறங்கலை. அவ சாப்பிட்டா. "அண்ணே, நெசமாவே யாரும் என்கிட்ட அப்படிக் கேட்டதில்லை. அதான் சொல்ல வரலை"ன்னா. நான் இலையை மூடிட்டு எந்திரிச்சிட்டேன். இவளுக்கு இவ்வளவு செலவு பண்ணி, இவ்வளவு அலைஞ்சு, ஒரு பதிலைக் கூட ஒழுங்காச் சொல்லத் தெரியலையேன்னு எனக்கு.

கடைசியில சௌந்தரம்தான் போனா. அவளுக்கு மொதத் தடவையே விசா கொடுத்துட்டான். மூட்டு வலியோட போனா, ஆறு மாசம் பிள்ளையத் தூக்கிட்டு, கம்பு ஊனிக்கிட்டு வந்து எறங்கினா. அந்த ஆறு மாசம் எனக்கு ஒரு குறையும் இல்லை. உலகம்மா இருந்தால்லா.

போன வருசம் சுபா ரெண்டாவது உண்டாயிருக்கான்னு போன் வந்துச்சு. ஜனவரிக்கு. சௌந்தரம் அன்னைக்கே சொல்லிட்டா, செத்தாலும் நான் போக மாட்டேன்னு. அப்ப நான் உக்காந்து யோசிச்சேன். விசாக்காரன் என்ன கேக்கான்? திரும்பி வரக் காரணம் கேக்கான். கொடுத்துருவோம். சொத்து இல்லைன்னு சொன்னால்லா, சொத்தைக் கொடுத்துருவோம். வேலை இல்லைன்னு சொன்னால்லா, வேலையைக் கொடுத்துருவோம்.

எங்க அம்மா வீடு ஒண்ணு இருக்கு, ரெண்டு தெரு தள்ளி. அம்மா இருக்கும்போதே என் பேருக்கு எழுதி வாங்கிட்டேன். தனியா இருக்க பொம்பளைக்கு வீட்டு வரி, மராமத்துன்னு எதுக்கு இழுத்து விடணும்? அந்தப் பத்திரத்துல உலகம்மாதான் சாட்சிக் கையெழுத்து. அந்த வீட்டை இப்ப அவ பேருக்குத் தான செட்டில்மெண்டு எழுதினேன். நானே வாசகம் எழுதினேன். விசா கெடச்சதும் திரும்ப எழுதிக் கொடுத்துருவான்னுதான். நம்ம ஆளுல்லா.

வேலைக்கு என் சிநேகிதர் மாசிலாமணி நர்சரிப் பள்ளிக்கூடம் வச்சிருக்காரு, அவருகிட்ட சொன்னேன். உலகம்மா டீச்சர் ட்ரெயினிங் முடிச்சவ. அந்தக் காலத்துல வேலைக்கு ஆர்டரே வந்துச்சு, பாவூர்சத்திரம் பக்கம் ஒரு ஸ்கூலுக்கு. நான்தான் வேண்டாம்னுட்டேன். அம்மா படுக்கையில விழுந்த நேரம், யாரு பாக்கது? அப்ப ஒரு வரனும் வந்துச்சு, அதுவும் அப்படித்தான். அம்மா போன பெறகு சுபா படிப்பு, சௌந்தரம் ஆபரேசன், அப்படியே காலம் போயிட்டு. ஆனா அந்த ஆர்டரை நான் தூரப் போடலை தம்பி, பீரோவுல பத்திரமா வச்சிருந்தேன். அதையும் ஒரு நகல் எடுத்து பைல்ல சேத்தேன். அதைக் கையில வாங்கி அவ ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னா. எழுத்து மங்கிட்டு, அதான்.

ஜூன் மாசம் வேலைக்குச் சேந்தா. ஜூலையில இன்டர்வியூ. வீடு இருக்கு, வேலை இருக்கு. ஆறு மாசம் தங்கப் போறதா எழுதியிருந்தேன். "வேலைக்குச் சேந்து ஆறு வாரம் ஆகுது, அதுக்குள்ள ஆறு மாசம் லீவு தருவாங்களா?"ன்னு கேட்டிருக்கான். இவ, "தர மாட்டாங்க"ன்னு சொல்லியிருக்கா!

மூணாவது தடவையும் பாஸ்போர்ட்டு கையில.

ரயில்ல வரும்போது சொன்னேன். "சரி, போதும். வேலையை விட்டுரு. பாவம் மதினி ஒத்தையில கெடந்து கஷ்டப்படுதா."

"வருச நடுவுல விட முடியாதுண்ணே. முப்பத்தோரு பிள்ளைய இருக்கு. இப்பதான் ஒண்ணொண்ணா அழுகையை நிப்பாட்டியிருக்கு"ன்னா.

முடியாதுன்னு அவ என்கிட்ட சொன்னது அதுதான் மொதத் தடவைன்னு நெனைக்கேன். நான் பெருசா எடுத்துக்கிடலை. அடுத்த தடவை விண்ணப்பத்துக்கும் வேலை வேணும்லா, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.

ஆனா வீடு மாறிட்டு தம்பி. காலையில எட்டரை மணிக்குக் கைக்கடிகாரம் கட்டிக்கிட்டுக் கிளம்பிருவா. சாயங்காலம் வந்தா அட்டையில யானை வெட்டுதா, ஆந்தை வெட்டுதா. சாப்பிடும்போது பேச்செல்லாம் அந்தப் பிள்ளைகளைப் பத்தித்தான். ஒருத்தன் ஒன்பதைத் திருப்பி எழுதுதானாம். ஒருத்தி டிபன் பாக்ஸ்ல மண்ணு கொண்டு வந்தாளாம். எனக்கெதுக்கு இது? நான் ரசத்துல உப்பு இல்லைன்னு சொல்லுதேன், அவ காதுல விழ மாட்டேங்குது. செப்டம்பர்ல அம்மா வீட்டுல குடியிருந்தவுக காலி பண்ணிட்டுப் போனாவ. அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு பெட்டியும் ரெண்டு பாத்திரமும் எடுத்துக்கிட்டு, "அண்ணே, அந்த வீட்டுக்குப் போறேன். ஸ்கூலுக்குப் பக்கம்"னு போயிட்டா. சௌந்தரம் தடுப்பான்னு பாத்தேன். அவ என்னடான்னா பழைய மிக்சியைத் தூக்கிக் கொடுத்து அனுப்புதா.

நவம்பர்ல யாரோ கேன்சல் பண்ணின இன்டர்வியூ தேதி ஒண்ணு கெடச்சது. எனக்கு அப்ப காய்ச்சல், பாரம் எழுத உக்கார முடியலை. "நானே எழுதிக்கிடுதேண்ணே, ஸ்கூல்ல ஜெனிபர் டீச்சர் கம்ப்யூட்டர்ல போட்டுத் தாரேன்னா"ன்னா. என்ன எழுதினன்னு கேட்டேன். "உள்ளதை"ன்னா. அப்பவே எனக்கு நம்பிக்கை போயிட்டு. சும்மா கடமைக்குத்தான் கூடப் போனேன். அதே பிளாட்பாரம், அதே வெயில்.

வெளிய வாரா. கை ரெண்டும் வெறுசா இருக்கு.

"பாஸ்போர்ட்டை எங்கட்டி போட்ட?"

"வாங்கி வச்சுக்கிட்டாங்கண்ணே."

தம்பி, நடுத்தெருவுல கையெடுத்துக் கும்பிட்டேன். கண்ணுல தண்ணி வந்துட்டு. மூணு வருசம்! என்ன கேட்டாவ, என்ன சொன்னன்னு கேக்கேன், அவ தண்ணி பாட்டிலைத் திறந்து நிதானமாக் குடிக்கா. பெறகு சொன்னா. ஒரு அம்மா இருந்தாளாம் இந்தத் தடவை. என்ன வேலைன்னு கேட்டாளாம். இவ பிள்ளைகளைப் பத்திச் சொன்னாளாம். நீங்க வந்துட்டா அவங்களை யார் பாப்பான்னு கேட்டாளாம். "அதான் மே மாச லீவுல போறேன், ஸ்கூல் திறக்கதுக்கு முந்தி வந்துருவேன்"னாளாம். என்ன பாக்க ஆசைன்னு கேட்டாளாம். "நயாகரா. எங்க ஊர்லயும் அருவி இருக்கு. எது பெருசுன்னு பிள்ளைய கேக்கு, பாத்துட்டு வந்து சொல்லணும்"னாளாம். அந்தம்மா சிரிச்சுட்டாளாம்.

நீ நல்லாச் சமாளிச்சிட்டன்னு சொல்லி, அங்க நின்னுக்கிட்டே சுபாவுக்குப் போன் போட்டேன். "கெடச்சிட்டும்மா, அத்தை ஜனவரிக்கு வந்துருவா"ன்னேன். உலகம்மா என் கையைப் பிடிச்சா.

"அண்ணே, நான் மே மாசம்தான் போறேன். இருபத்தி மூணு நாளு."

"என்னட்டி சொல்லுத? அது அவங்ககிட்ட சொன்னது."

"அவங்ககிட்ட சொன்னதைத்தான் செய்யணும்."

"பிரசவம் ஜனவரியில. மே மாசம் போய் என்ன செய்யப் போற?"

"சுத்திப் பாக்கப் போறேன்"னா. "நீங்கதான சொல்லிக் கொடுத்திய. நூறு தடவை சொல்லிச் சொல்லிப் பாத்தேனா, நெசமாவே ஆசை வந்துட்டு."

போன்ல சுபா ஹலோ ஹலோங்குதா.

ரெண்டு மாசம் நான் அவகூடப் பேசலை. சுபாவோட மாமியார் கோயமுத்தூர்ல இருந்து போய்ப் பிரசவம் பாத்தாவ. சம்பந்தி வீட்டு முன்னால எனக்கு எவ்வளவு தலைக்குனிவுன்னு யோசிச்சுப் பாருங்க. சௌந்தரத்தால நிக்க முடியாது, அதனால இப்ப காபி நான் போடுதேன், சோறும் நான் வடிக்கேன். அறுபத்தி நாலு வயசுல. உலகம்மா ஞாயித்துக்கிழமை வருவா, குழம்பு வச்சுத் தருவா, மதினிக்குக் காலுக்குத் தைலம் தேச்சு விடுவா, போயிருவா. பொங்கலுக்கு மறுநாள் நான் நேராவே கேட்டேன். "விசாதான் கெடச்சிட்டுல்லா, வீட்டைத் திரும்ப எழுதிக் கொடுத்துருட்டி. பத்திரம் தயார் பண்ணிட்டேன்."

அவ கோவப்படலை, ஒண்ணுமில்லை. "எழுதிக் கொடுத்துட்டா நான் எங்கண்ணே திரும்பி வருவேன்?"னு கேட்டா.

ஸ்டோர் ரூம் அப்படியேதான இருக்குன்னு சொல்ல வாயெடுத்தேன். சௌந்தரம் உள்ள இருந்து, "அவளை விடுங்க"ன்னு ஒரு சத்தம் போட்டா. அந்த மாதிரிச் சத்தம் நான் கேட்டதில்லை. பத்திரத்தை மடிச்சு வச்சிட்டேன். தான செட்டில்மெண்டை எழுதிக் கொடுத்தவன் இஷ்டத்துக்கு ரத்து பண்ண முடியாதுன்னு ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். வாசகமும் நான் எழுதினது. ஒரு தப்புக் கிடையாது அதுல.

இப்ப எங்கயா? அவளைக் கூப்பிடத்தான் போறேன். நாளைக்குக் காலையில மீனம்பாக்கத்துல வந்து எறங்குதா. வர வேண்டாம், நானே வந்துருவேன்னு சொல்லிட்டா. போகும்போது அவளேதான் போனா, கூட யாரும் வேண்டாம்னுட்டு. இருந்தாலும் போறேன். பெட்டி கனமா இருக்கும்லா. திங்கக்கிழமை ஸ்கூல் திறக்கு, அன்னைக்கே போகணும்னு நிப்பா.

உங்க மாமியாருக்கு என்ன சொல்ல? நான் என்ன தம்பி சொல்ல, தெரிஞ்சா நாலு தடவை அலைஞ்சிருப்பேனா.

இந்தாங்க, போட்டோ பாருங்க. போன வாரம் சுபா அனுப்பினது. கப்பல்ல அருவிக்குப் பக்கத்துல கூட்டிட்டுப் போவாங்களாம், எல்லாத்துக்கும் ஒரு நீலக் கலர் பிளாஸ்டிக் சட்டை கொடுத்திருவாங்களாம். பெருசு பண்ணிப் பாருங்க. நான் முதல்ல பாத்துட்டு, சௌந்தரத்துக்கிட்ட, "உலகம்மா இதுல எங்க நிக்கா?"ன்னு கேட்டேன். அவ என்னையப் பாத்தா. "நடுவுல நிக்கது யாரு?"ன்னா.

தண்ணி முகத்துல அடிக்கு, வாயை அகலத் திறந்து சிரிச்சுக்கிட்டு நிக்கா பாருங்க. இந்தப் பக்கம் கடவாய்ப் பல்லு ஒண்ணு இல்லை அவளுக்கு. எப்பப் பிடுங்கினா, யாரு கூட்டிட்டுப் போனா, ஒண்ணும் எனக்குத் தெரியலை தம்பி. வீட்டுலதான் இருந்திருக்கேன்.